தன்னிச்சை என்ற ஒரு சொல்: தோள்மூட்டு விலகலும் முதல்நிலை மருத்துவமும்

தோள்மூட்டைத் தம் விருப்பப்படி நழுவவிட்டு, சற்று நேரத்தில் தாமே பொருத்திக்கொள்ளக்கூடிய மனிதர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் வளரிளம் பருவத்தினர். வகுப்பறையில் தோழர்களை வியக்கவைக்கும் வித்தையாக அது தொடங்கும். சில மாதங்களில் நோட்டுப் புத்தகத்தை எடுக்கக் கை நீட்டும்போதும், சட்டை அணியும்போதும் தோள் தானாகவே நழுவத் தொடங்கும். பெற்றோர் அஞ்சி எலும்புக்கட்டு வைத்தியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துச் செல்வர். எக்ஸ்ரே படத்தில் குறை எதுவும் தெரியாது. அப்போது இரண்டு தீர்ப்புகளில் ஒன்று வழங்கப்படும். 'நடிக்கிறது, கண்டுகொள்ளாதீர்கள்' என்பது ஒன்று. 'உடனே அறுவை செய்ய வேண்டும்' என்பது மற்றொன்று. இரண்டுமே பெரும்பாலும் பிழையானவை. இரண்டுக்கும் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது.

அந்த வரலாறு பெரிதும் ஒரு சொல்லின் வரலாறு. மருத்துவ நூல்கள் இந்நிலையைத் 'தன்னிச்சைத் தோள்மூட்டு விலகல்' என்று அழைக்கின்றன. 'தன்னிச்சை' என்ற அடைமொழி, யாரால் விலகுகிறது என்ற கேள்விக்கு மட்டும் விடை தரவேண்டிய சொல். நாளடைவில் ஏன் விலக்குகிறார், அவர் எத்தகைய மனிதர், அவருக்குச் சிகிச்சை தரலாமா என்ற கேள்விகளுக்கும் அதுவே விடையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வெவ்வேறு காரணங்களால் தோள் நழுவும் மனிதர்கள் ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களை மீண்டும் பிரித்தறியும் முயற்சியே கடந்த ஐம்பது ஆண்டுகளின் தோள்மூட்டு மருத்துவ வரலாறு. அப்பிரித்தறிதலின் முதல் படி நிகழவேண்டிய இடம் முதல்நிலை மருத்துவரின் அறை.

கரண்டியில் எலுமிச்சை

தோள்மூட்டின் அமைப்பை நினைவில் கொள்ளாமல் இவ்வரலாற்றைப் பின்தொடர இயலாது. மேற்கை எலும்பின் தலை பெரிய பந்து. தோள்பட்டை எலும்பில் அது அமரும் குழியோ ஆழமற்ற சிறு தட்டு. பள்ளி விளையாட்டு விழாக்களில் கரண்டியில் எலுமிச்சையை வைத்துக்கொண்டு ஓடும் பந்தயத்தைப் போன்றது அவ்வமைப்பு. இடுப்பு மூட்டில் பந்து ஆழ்ந்த கிண்ணத்துக்குள் புதைந்திருக்கிறது. தோளில் அது கரண்டியின் மேல் நிற்கிறது. கை எத்திசையிலும் சுழல்வதற்காக உடல் கொடுக்கும் விலை அது.

எலுமிச்சை விழாமல் இருப்பதற்கு மூன்று ஏற்பாடுகள் உள்ளன. குழியின் விளிம்பைச் சுற்றிய குருத்தெலும்பு வளையம் ஒன்று. மூட்டைப் போர்த்திய உறையும் அதனோடு இணைந்த மூட்டுநார்களும் இரண்டாவது. பந்தைக் குழியின் நடுவே அழுத்திப் பிடித்தபடியே சுழற்றும் தசைகள் மூன்றாவது. விபத்தில் விலகும் தோளில் பெரும்பாலும் முதல் ஏற்பாடு கிழிகிறது. பிறவியிலேயே நெகிழ்ந்த உடல்வாகு உடையவர்களிடம் இரண்டாவது தளர்ந்திருக்கிறது. மூன்றாவது பிசகினால், கிழிசலே இல்லாமலும் பந்து நழுவும். ஓடுபவரின் மணிக்கட்டு எலுமிச்சையின் அசைவுக்கு ஏற்ப நொடிதோறும் தன்னைத் திருத்திக்கொள்வதைப் போலத் தோள்பட்டை எலும்பும் தசைகளும் இயங்கவேண்டும். அத்திருத்தம் தவறும்போது மூட்டு நழுவுகிறது. மருத்துவ வரலாறு இம்மூன்றையும் வெவ்வேறு காலங்களில் கண்டது. ஒன்றைக் கண்டபோது மற்ற இரண்டையும் மறந்தது.

சுசுருதரும் ஹிப்போகிரட்டீசும்

எகிப்தில் தெய்ர் எல் மெதினாவில் உள்ள இபுய் என்பவரின் கல்லறை ஓவியம், இரண்டாம் ராம்சேஸ் காலத்தைச் சேர்ந்தது. அதில் ஒருவர் மற்றொருவரின் கையைப் பிடித்துத் தோளைப் பொருத்துவது போன்ற காட்சி இருப்பதாக மருத்துவ வரலாற்றாளர்கள் சுட்டியுள்ளனர். கருத்து வடிவில் விரிவாகக் கிடைப்பவை இந்தியாவிலும் கிரேக்கத்திலும் எழுந்த நூல்களே.

சுசுருத சங்கிதையின் நிதானத் தானம் மூட்டு விலகலை ஆறு வகையாகப் பிரிக்கிறது. விலகலின் பொது அடையாளங்களையும் அது கூறுகிறது. நீட்டவும் மடக்கவும் சுழற்றவும் இயலாமை, கடும் வலி, தொடுதலைப் பொறுக்காமை ஆகியவை அவை. சிகிச்சைத் தானத்தில் தோள் விலகலுக்கு உலக்கையால் அக்குளை உயர்த்திப் பொருத்தும் முறையும், பொருந்திய பின் சுவஸ்திக வடிவில் கட்டும் முறையும் சொல்லப்படுகின்றன. இன்றைய இருபுறத் தோள்கட்டின் தொல்வடிவம் அது.

இங்குக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உள்ளது. சுசுருதரின் வரையறையில் வலியும் இயக்க இழப்பும் விலகலின் பகுதிகளாகவே அமைந்துவிட்டன. போர்க்களத்திலும் வீழ்ச்சியிலும் விலகிய மூட்டுகளைக் கண்ட மருத்துவருக்கு அவ்வரையறை முற்றிலும் சரி. ஆனால் தோளைத் தானே நழுவவிடும் சிறுவனுக்கு வலியில்லை. கையை அவனால் அசைக்கவும் முடிகிறது. வரையறையின்படி அவனுக்கு நோயே இல்லை. பிற்காலத்தில் அவனை நடிப்பவன் என்று கருதியவர்களும், அறிந்தோ அறியாமலோ, விபத்து விலகலின் அளவுகோலைக் கொண்டே அவனை அளந்தனர்.

ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் 'மூட்டுகள் பற்றி' என்ற நூல் வேறொரு கோணத்தைத் தருகிறது. அடிக்கடி தோள் விலகுவோர் பெரும்பாலும் தாமே அதைப் பொருத்திக்கொள்ள வல்லவர்கள் என்றும், மற்றொரு கையின் விரல் கணுக்களை அக்குளில் வைத்து மூட்டை மேலே தள்ளி முழங்கையை மார்பை நோக்கிக் கொண்டுவருவார்கள் என்றும் அது விவரிக்கிறது. அதே நூல் உடல்வாகுகளின் வேறுபாட்டைப் பற்றிப் பேசும்போது, மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் சிலரிடம் இறுக்கமாகவும் சிலரிடம் தளர்ந்தும் இருப்பதைக் குறிப்பிடுகிறது. அத்தளர்ச்சி மிகுந்தவர்கள் தாம் விரும்பும்போது வலியின்றி மூட்டை விலக்கவும் வலியின்றிப் பொருத்தவும் வல்லவர்கள் என்றும் சொல்கிறது. தன்னிச்சை விலகல் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் இது ஒன்று.

அக்குறிப்பில் ஐயமோ ஏளனமோ இல்லை. விலக்குபவரின் உள்நோக்கம் பற்றிய பேச்சும் இல்லை. காரணம் உடலின் இயல்பில் தேடப்படுகிறது. குளிர்காலத்தின் இறுதியில் மெலிந்துபோன எருதுகளுக்குத் தொடை மூட்டு எளிதில் விலகும் என்ற உழவர் அறிவும் அதே இடத்தில் சான்றாக வருகிறது. தசை வற்றினால் மூட்டு தளரும் என்ற உண்மை அவ்வெருதுகளின் வாயிலாக அன்றே பதிவாகிவிட்டது. அது சிகிச்சை முறையாக மாறுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

மேடையும் படைமுகாமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன்னிச்சை விலகல் இரு இடங்களில் மருத்துவரின் கண்ணில் பட்டது. முதலாவது மேடை. உடலை வளைத்தும் மூட்டுகளை நழுவவிட்டும் காட்டும் கலைஞர்கள் அக்காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புகழ்பெற்றிருந்தனர். கோல்டும் பைலும் 1896-இல் வெளியிட்ட மருத்துவ விந்தைகளின் தொகுப்பு, வாரன் என்ற அமெரிக்கக் கலைஞரைப் பற்றிக் குறிப்பிடுகிறது. உடலின் பல மூட்டுகளை விரும்பியபடி விலக்கிப் பொருத்தவல்ல அவர் மருத்துவ மாணவர் முன்னிலையிலும் தம் திறனைக் காட்டினார். மருத்துவம் அவரை நோயாளியாகக் காணவில்லை. வியப்புக்குரிய காட்சிப் பொருளாகவே கண்டது.

இரண்டாவது இடம் படைமுகாம். கட்டாயப் பணியிலிருந்து தப்ப நோயை நடிக்கும் வீரர்களைக் கண்டுபிடிப்பது அக்கால இராணுவ மருத்துவரின் கடமைகளுள் ஒன்று. ஹெக்டர் கேவின் 1843-இல் எழுதிய போலி நோய்கள் பற்றிய நூலின் தலைப்பிலேயே படைவீரர்களும் கடலோடிகளும் இடம்பெற்றனர். உடற்குறியை விருப்பத்தால் உண்டாக்க முடியுமானால் அது ஏமாற்று என்ற எண்ணம் அச்சூழலில் வலுப்பெற்றது. மேடையிலிருந்து வியப்பையும் முகாமிலிருந்து ஐயத்தையும் தன்னிச்சை விலகல் பெற்றுக்கொண்டது. நோயாளி என்ற தகுதி அதற்கு இரண்டிடத்திலும் கிட்டவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுவை மருத்துவம் தோள் விலகலைத் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. இலண்டனின் பிளண்டெல் பேங்கார்ட் 1923-இல் எழுதிய கட்டுரை, மீண்டும் மீண்டும் விலகும் தோளில் குழியின் முன்விளிம்பிலிருந்து குருத்தெலும்பு வளையம் பிரிந்திருப்பதே அடிப்படைக் கோளாறு என்று வாதிட்டது. பிரிந்ததைத் தைத்து ஒட்டவைக்கும் அவரது முறை இன்றளவும் வெவ்வேறு வடிவங்களில் வழங்குகிறது. விபத்தால் தோள் விலகிய இளைஞர்களுக்கு அது பெரும் நன்மை செய்தது.

அக்கட்டுரையின் தலைப்பில் 'மீள்நிகழும்' என்ற சொல்லோடு 'பழக்கமான' என்ற பொருள் தரும் சொல்லும் அருகருகே நின்றது. திரும்பத் திரும்ப நிகழ்வது என்பதும் பழக்கமாகச் செய்வது என்பதும் அக்கால வழக்கில் ஏறத்தாழ ஒன்றாகவே புழங்கின. விபத்தில் கிழிந்த தோளும் தளர்ந்த உடல்வாகுடைய தோளும் அச்சொல்லின் நிழலில் ஒன்றாக நின்றன. கிழிசல் இல்லாத தோளிலும் கிழிசலுக்கான அறுவை செய்யப்படுவதற்கு அது வழி திறந்தது.

1973: ஓராண்டில் இரு கட்டுரைகள்

1973-ஆம் ஆண்டில் ஒன்றையொன்று அறியாத இரு கட்டுரைகள் வெளிவந்தன. முதலாவது பாஸ்டனிலிருந்து வந்தது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் கார்ட்டர் ரோவும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் தோளைத் தாமே விலக்கும் 26 நோயாளிகளை மூன்று வழிகளில் ஆராய்ந்தனர். உடல் பரிசோதனையோடு தசைகளின் மின் இயக்கத்தைப் பதிவுசெய்தனர். உளவியல் மதிப்பீடும் மேற்கொண்டனர்.

தசை மின்பதிவுகள் தெளிவான செய்தியைக் கூறின. தோளைச் சமநிலையில் நிறுத்த எதிரெதிர்த் தசைகள் ஒருசேர இயங்கவேண்டும். இந்நோயாளிகள் ஒரு பக்கத் தசையை அடக்கிவிட்டு எதிர்ப்பக்கத் தசையை மட்டும் இழுக்கவிட்டனர். கயிறிழுப்பில் ஒரு அணி திடீரெனக் கையை விட்டால் நிகழ்வதே தோளிலும் நிகழ்ந்தது. கிழிசலும் வீழ்ச்சியும் இன்றி மூட்டு நழுவுவதற்கான காரணம் அங்குக் கண்ணுக்குத் தெரிந்தது.

உளவியல் மதிப்பீடு நோயாளிகளை இரு கூறாகப் பிரித்தது. ஒரு கூறினருக்குக் குறிப்பிடத்தக்க மனநலச் சிக்கல்கள் இருந்தன. அவர்களுக்குச் செய்யப்பட்ட அறுவைகள் நற்பயன் தரவில்லை. மற்றொரு கூறினர் மனநலம் சீராக உள்ளவர்கள். தசைப் பயிற்சியால் அவர்கள் நன்கு தேறினர். ரோவின் முடிவில் இரு வாக்கியங்கள் இருந்தன. தன்னிச்சையாக விலக்குவோரில் சிலருக்கு மனநலச் சிக்கல் உண்டு என்பது முதலாவது. மற்றவர்களுக்கு அது இல்லை, அவர்கள் பயிற்சியால் குணமடைவர் என்பது இரண்டாவது. பின்வந்த காலத்தில் முதல் வாக்கியம் நிலைத்தது, இரண்டாவது மங்கியது. 'தன்னிச்சையாக விலக்குபவரா, மனநலம் பாருங்கள், கத்தியை எடுக்காதீர்கள்' என்ற சுருக்கம் வகுப்பறைகளில் பரவியது. கத்தியை எடுக்காதீர்கள் என்ற அறிவுரை பலரைக் காப்பாற்றியது. எஞ்சிய பாதி, பல சிறார்களை ஐயத்துக்குரியவர்களாக ஆக்கியது.

அதே ஆண்டின் இரண்டாம் கட்டுரை தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. பீட்டர் பெய்ட்டன், லூயி சாலமன், சொஸ்கோல்னே ஆகியோர் 1,000-க்கும் மேற்பட்ட சுவானா மக்களிடம் மூட்டு நெகிழ்வை அளந்தனர். கார்ட்டரும் வில்கின்சனும் 1964-இல் வகுத்த சோதனைகளைத் திருத்தி, ஒன்பது மதிப்பெண் கொண்ட எளிய அளவுகோலை அவர்கள் உருவாக்கினர். சுண்டுவிரல் பின்னோக்கி 90 பாகைக்கு மேல் வளைதல், கட்டைவிரல் முன்கையைத் தொடுதல், முழங்கை 10 பாகைக்கு மேல் பின்னோக்கி வளைதல், முழங்கால் அவ்வாறே வளைதல் ஆகிய நான்குக்கும் பக்கத்துக்கு ஒன்றாக எட்டு மதிப்பெண்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்தலுக்கு ஒன்று. கருவி எதுவும் வேண்டியதில்லை. இரண்டு நிமிடம் போதும்.

நெகிழ்வு குழந்தைப் பருவத்தில் மிகுந்து வயதோடு குறைகிறது என்றும், ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல் என்றும், நெகிழ்வு மிகுந்தோரிடம் மூட்டுவலி மிகுதியாகக் காணப்படுகிறது என்றும் அவ்வாய்வு கண்டது. ஹிப்போகிரட்டீஸ் நூல் சொன்ன தளர்ந்த நார்களுக்கு அளவுகோல் ஒன்று கிடைத்தது. தோளை நழுவவிடும் வளரிளம் பருவத்தினர் பலரின் மற்ற மூட்டுகளும் நெகிழ்ந்தே இருக்கின்றன. முதல் கட்டுரை தசையையும் மனத்தையும் பார்த்தது. இரண்டாவது இணைப்புத் திசுவைப் பார்த்தது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் படித்திருந்தால் பல குழப்பங்கள் முன்னரே தீர்ந்திருக்கும். ஒன்று எலும்பு மருத்துவர்களின் கையிலும் மற்றொன்று மூட்டுவாத மருத்துவர்களின் கையிலும் நீண்ட காலம் தனித்தனியே இருந்தன.

பெட்டிகளிலிருந்து முக்கோணத்துக்கு

1980-இல் நியூயார்க்கின் சார்லஸ் நீரும் ஃபாஸ்டரும் பல திசைகளிலும் தளர்ந்த தோளுக்கு மூட்டுறையின் கீழ்ப்பகுதியை மடித்து இறுக்கும் அறுவையை விவரித்தனர். கட்டுரையின் தலைப்பிலேயே விருப்பமின்றி நழுவும் தோள் என்ற வரையறை இருந்தது. விருப்பத்தோடு விலக்கும், மனச்சிக்கல் உள்ள நோயாளிகளை அவர்கள் கவனமாக விலக்கிவைத்தனர். 1989-இல் தாமசும் மேட்சனும் தோள் நிலையின்மையை இரு பெட்டிகளாகப் பிரித்தனர். விபத்தால், ஒரு பக்கத்தில், வளையக் கிழிசலோடு வருவது ஒன்று, அதற்கு அறுவை. விபத்தின்றி, பல திசைகளில், பெரும்பாலும் இரு பக்கமும் வருவது மற்றொன்று. அதற்கு முதலில் பயிற்சி. நினைவில் நிற்கும் எளிய பிரிவினை அது. ஆனால் வாழும் நோயாளிகள் இரு பெட்டிகளுக்கும் இடையில் நின்றனர்.

இலண்டன் அருகே ஸ்டான்மோரில் உள்ள அரச தேசிய எலும்பு மருத்துவமனையைச் சேர்ந்த பெய்லியும் அவருடைய குழுவினரும் 2004-இல் பெட்டிகளுக்கு மாற்றாக ஒரு முக்கோணத்தை முன்வைத்தனர். அதன் ஒரு முனை விபத்துக் கிழிசல். இரண்டாம் முனை விபத்தில்லாத திசுத் தளர்ச்சி. மூன்றாம் முனை தசை இயக்க ஒழுங்கின்மை. நோயாளி இம்முனைகளுக்கு இடையே எங்கும் நிற்கலாம். காலப்போக்கில் இடம் மாறவும் செய்யலாம். நெகிழ்ந்த தோளுடைய சிறுமி விளையாடும்போது விழுந்து வளையத்தைக் கிழித்துக்கொள்ளலாம். கிழிசலுக்கு அறுவை செய்துகொண்ட இளைஞர், வலிக்கு அஞ்சித் தசைகளைத் தவறாக இயக்கப் பழகலாம்.

மூன்றாம் முனை வரலாற்று நோக்கில் முதன்மையானது. ரோவின் தசைப்பதிவுகள் கண்டதற்கு அங்கே உரிய பெயர் கிட்டியது. அப்பெயரில் 'விருப்பம்' என்ற சொல் இல்லை. வித்தையாகத் தொடங்கிய அசைவு மூளையில் பழகிய பாதையாகப் பதிந்தபின், தொடங்கியவரின் கட்டுப்பாட்டை மீறித் தானே நிகழ்கிறது. தொடக்கத்தில் விருப்பம் இருந்தது என்பதால் இன்றைய நழுவலுக்கும் அவரே பொறுப்பு என்று சொல்ல இடமில்லை. பெர்லினின் ஃபிலிப் மொரோடர் குழுவினரின் பிற்கால ஆய்வுகள், நோயாளி கட்டுப்படுத்த இயலும் நழுவலையும் கட்டுப்படுத்த இயலாத நழுவலையும் வேறுபடுத்தின. இயங்காத தசைகளைப் பயிற்சியின்போதே மின்தூண்டலால் எழுப்பும் முறையையும் அக்குழு முயன்று வருகிறது.

சிகிச்சையின் சான்றுகள்

1992-இல் பர்க்ஹெட்டும் ராக்வுட்டும் 115 நோயாளிகளின் 140 தோள்களுக்குப் பயிற்சி மட்டும் அளித்து விளைவை வெளியிட்டனர். விபத்தால் விலகிய தோள்களில் 16 விழுக்காடே நல்ல நிலையை எட்டின. விபத்தின்றி நழுவியவற்றில் 80 விழுக்காடு எட்டின. ஒரே பயிற்சி, இருவேறு தோள்கள், இருவேறு முடிவுகள். நோயாளியை எந்த வகையில் சேர்ப்பது என்ற கேள்வி சிகிச்சையின் பாதி என்பதை அவ்வெண்கள் காட்டின.

சிறார் பற்றிய முதன்மையான ஆய்வு 1994-இல் வந்தது. சுவிட்சர்லாந்தின் ஹூபரும் கெர்பரும், தோளைத் தாமே நழுவவிட்ட 25 சிறாரின் 36 தோள்களைப் பல்லாண்டுகளுக்குப் பின் பரிசோதித்தனர். அறுவையின்றி விடப்பட்டோரின் நிலை பொதுவாக நன்றாகவே இருந்தது. இவ்வயதில் அறுவைக்கு இடமில்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அதே கெர்பர் 2000-இல் ஃபுக்ஸ், ஜோஸ்ட் ஆகியோருடன் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. கையைக் குறிப்பிட்ட நிலைக்குக் கொண்டுவந்து தோளைப் பின்னோக்கி நழுவவிட வல்லவர்களும், ஆனால் அன்றாட வேலையில் விருப்பமின்றி அது நழுவுவதால் துன்புறுபவர்களுமான, பயிற்சியால் தேறாத நோயாளிகளுக்கு அறுவை செய்தபோது பெரும்பாலோர் நலம் பெற்றனர். சிலருக்கு மீண்டும் நழுவியது. நழுவவிட்டுக் காட்ட முடியும் என்ற ஒன்றை மட்டும் காரணமாக்கி ஒருவருக்கு அறுவையை மறுப்பதும் பிழை என்பதை அது நிறுவியது. இருபது ஆண்டுகளுக்கு முன் நீர் வரைந்த எல்லைக்கோடு இங்குச் சற்று நகர்ந்தது.

2023-இல் அஞ்சு ஜக்கி குழுவினர் பிரிட்டனில் நடத்திய சோதனையின் முடிவு வெளியானது. பெரிய விபத்தின்றித் தோள் நிலையிழந்து, மூட்டுறையிலோ வளையத்திலோ சேதம் காணப்பட்ட 68 பெரியவர்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு மூட்டுறையை இறுக்கும் அறுவை செய்யப்பட்டது; மற்றவர்களுக்கு உள்நோக்கிக் கருவியால் மூட்டைப் பார்த்ததோடு முடிந்தது. இரு பிரிவினருக்கும் இயன்முறைப் பயிற்சி அளிக்கப்பட்டது. இறுக்கும் அறுவை கூடுதல் பயன் எதையும் தரவில்லை.

முதல்நிலை மருத்துவர் செய்யவேண்டியவை

இவ்வரலாறு மருத்துவரின் மேசைக்கு வரும்போது சில தெளிவான கடமைகளாக மாறுகிறது. முதற்கடமை, தன்னிச்சை என்று எழுதுவதற்கு முன் தன்னிச்சை அல்லாதவற்றை விலக்குதல். விழுந்தாரா, வலிப்பு வந்ததா, மின் அதிர்ச்சி ஏற்பட்டதா என்று கேட்கவேண்டும். வலிப்பும் மின் அதிர்ச்சியும் தோளைப் பின்னோக்கி விலக்கும். முன்பக்க எக்ஸ்ரே படம் ஒன்றை மட்டும் எடுத்தால் அவ்விலகல் எளிதில் கண்ணுக்குத் தப்பும். வேறொரு கோணத்தில் இரண்டாவது படம் தேவை. தோளின் வெளிப்புறத் தோலில் உணர்ச்சி குறைந்துள்ளதா, கையில் மரத்துப்போதல் அல்லது வலுவிழப்பு உள்ளதா, மணிக்கட்டில் நாடி சீராக உள்ளதா என்பவற்றைப் பார்க்கவேண்டும். கடும் வலியோடு கையை அசைக்க முடியாமல் வருபவரிடம் சுசுருதரின் வரையறை இன்றும் செல்லும். அவர் உடனே உயர்நிலை மருத்துவமனைக்குச் செல்லவேண்டியவர்.

அவை எதுவும் இல்லாதபோது சித்திரம் மெல்லத் தெளிவாகிறது. வளரிளம் வயது, விபத்தின்மை, வலியின்மை அல்லது குறைந்த வலி, பெரும்பாலும் பின்னோக்கிய நழுவல், பல வேளைகளில் இரு தோள்களிலும் தளர்ச்சி, தானே பொருந்திக்கொள்ளுதல், சீரான எக்ஸ்ரே ஆகியவை சேர்ந்து வரும். கையைக் கீழ்நோக்கி மெல்ல இழுத்தால் தோள்முனைக்குக் கீழே பள்ளம் விழும். பெய்ட்டன் அளவுகோலை எடுத்துப் பார்க்கலாம். ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடம் மூட்டு நெகிழ்வு இயல்பாகவே சற்றுக் கூடுதல் என்று கூறப்படுவதால், உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும் கொண்டு இந்தியச் சிறாருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது முறையன்று. தோல் மிகையாக நீளுதல், எளிதில் கன்றிப்போதல், அசாதாரணத் தழும்புகள், கண் அல்லது இதயக் கோளாறு, குடும்பத்தில் பிறருக்கும் அவ்வாறு இருத்தல் ஆகியவை சேர்ந்திருந்தால் மரபுவழி இணைப்புத்திசு நோய்களை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பின்னர் எழும் கேள்வியில்தான் பழைய சொல்லின் நிழல் கலைகிறது. 'வேண்டுமென்றே செய்கிறாயா?' என்று பெற்றோர் முன்னிலையில் கேட்கும் மருத்துவருக்குப் பொய்யோ கண்ணீரோதான் விடையாகக் கிடைக்கும். 'நீ நினைத்தால் அதை நழுவவிட முடியுமா? நினைக்காதபோதும் நழுவுகிறதா? நழுவாமல் நிறுத்த முடிகிறதா?' என்ற மூன்று கேள்விகள் நோயாளியை முக்கோணத்தில் அவருக்குரிய இடத்தில் நிறுத்தும். தனியே பேச வாய்ப்பளித்து, பள்ளியில் துன்புறுத்தல் உண்டா, தேர்வு அச்சம் உண்டா, வீட்டில் நிலை எப்படி, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்றும் அமைதியாகக் கேட்கவேண்டும். ரோ கண்ட முதற்கூறினர் கற்பனை அல்லர். அவர்களுக்குத் தோளைவிட மனத்துக்கு உதவி தேவை. அவ்வுதவியும் சிகிச்சையே என்று சொல்லி அனுப்பவேண்டும், தண்டனையைப் போலன்று.

மற்றவர்களுக்கான சிகிச்சை விளக்கத்தில் தொடங்குகிறது. 'மூட்டு உடையவில்லை, அதைப் பிடிக்கும் தசைகள் தவறான வரிசையில் இயங்கப் பழகிவிட்டன, சரியான வரிசையை மீண்டும் கற்பிக்கலாம்' என்ற எளிய வாக்கியங்கள் அச்சத்தைத் தணிக்கும். வித்தை காட்டுவதை நிறுத்தச் சொல்லவேண்டும். ஒவ்வொரு முறை நழுவவிடும்போதும் தவறான பாதை மேலும் பதிகிறது. மருத்துவரும் பரிசோதனைக்காகத் திரும்பத் திரும்பச் செய்துகாட்டச் சொல்லக் கூடாது. வாரக்கணக்கில் கையைத் தொட்டிலிட்டுக் கட்டிவைத்தால், மெலிந்த எருதுகளின் நிலைதான் தோளுக்கும் நேரும். விபத்து வரலாறும் நரம்புக் குறிகளும் இல்லாமல் நழுவிய நிலையிலேயே வருபவரிடம் பதற்றம் காட்டாமல் அமரவைத்து, மூச்சைச் சீராக்கி, தோளைத் தளரவிடச் சொன்னால் பல வேளைகளில் மூட்டு தானே அமரும். மயக்கமருந்து கொடுத்து இழுத்துப் பொருத்துவதை வழக்கமாக்குவது கேடு தரும்.

பயிற்சியின் சாரம் தோள்பட்டை எலும்பைச் சரியான இடத்தில் நிறுத்தக் கற்றல், பந்தைக் குழியில் அழுத்தும் சிறு தசைகளைக் குறைந்த எடையோடு வலுப்படுத்தல், மார்பிலும் முதுகிலும் உள்ள பெருந்தசைகளின் மிகை இழுப்பை அடக்கக் கற்றல் ஆகியவை. கண்ணாடி முன் நின்று செய்வது உதவும். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். ஏறத்தாழ ஆறு மாத முறையான பயிற்சிக்குப் பின்னும் விருப்பமின்றி நழுவினாலோ, வலி மிகுந்தாலோ, புதிய விபத்து நேர்ந்தாலோ, நரம்புக் குறிகள் தோன்றினாலோ தோள் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பவேண்டும்.

இந்தியச் சூழலில் இதற்கு இரு தடைகள் உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இயன்முறை மருத்துவர் கிடைப்பது அரிது; நகரத்துக்கு வாரம் ஒருமுறை சென்றுவரும் செலவைக் கூலித் தொழிலாளர் குடும்பம் தாங்காது. ஆகவே வீட்டிலேயே செய்யத்தக்க சில பயிற்சிகளை மருத்துவரே கற்பித்து, மாதம் ஒருமுறை பார்ப்பது நடைமுறைக்கு உகந்தது. மற்றொரு தடை, எலும்புக்கட்டு வைத்தியத்தின் செல்வாக்கு. ஆந்திரத்தின் புத்தூர்க் கட்டு தென்னிந்தியா எங்கும் அறியப்பட்டது. எலும்பு முறிவுக்கு அதை நம்பிச் செல்வோர் பலர். தானே அமரக்கூடிய தோளை இழுத்துப் பொருத்திக் கட்டும்போது, கட்டியவரின் கைராசியால் குணமானதாக அனைவரும் நம்புவர். அடுத்த நழுவலுக்கும் அங்கேயே செல்வர். அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. கட்டு தேவையில்லாத தோள் இது என்பதைப் பெற்றோர்க்கு விளக்கும் பொறுமையே பயன் தரும்.

வரலாற்றில் இந்நோயாளி வியப்புக்குரியவராகவும், ஏமாற்றுக்காரராகவும், மனநோயாளியாகவும், அறுவைக்குரியவராகவும் மாறி மாறிக் காணப்பட்டார். ஒவ்வொரு பார்வையிலும் அக்காலத்து மருத்துவரின் கருவி என்னவோ அதுவே நோயின் காரணமாகத் தோன்றியது. இன்று வெளிநோயாளர் சீட்டில் 'தன்னிச்சை' என்று எழுதும் மருத்துவர், அச்சொல்லோடு அந்த வரலாறு முழுவதையும் அச்சிறுமியின் மீது ஏற்றி அடுத்த மருத்துவரிடம் அனுப்புகிறார். 'விபத்தின்றி நழுவுகிறது, விரும்பியபோது நழுவவிட முடிகிறது, விரும்பாதபோதும் நழுவுகிறது, பயிற்சி தொடங்கப்பட்டது' என்று நான்கு வாக்கியங்கள் எழுத ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும். சீட்டைப் பெறுபவருக்கு நோயாளி யார் என்பது அதில் விளங்கும். அடுத்த அறையிலும் அவள் சொல்வதை நம்பிக் கேட்பதற்கு அந்த நான்கு வாக்கியங்கள் வழிசெய்யும்.